தண்ணீருக்கு நற்சான்று கொடுத்த விரால்

கோரைக்குளத்தில் தளவாய் என்று ஒரு விரால் மீன் இருந்தார். 'இருந்தது' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதனால் நாமும் 'இருந்தார்' என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தக் குளத்தில் அவரைவிடப் பெரிய மீன் கிடையாது. கறுத்த முதுகு, பருத்த தலை, திரும்பிப் பார்த்தாலே குஞ்சு குளுவானெல்லாம் ஓடிவிடும். யாரும் அவரைத் தலைவராக்கவில்லை. ஒருநாள் அவராகவே ஆகிவிட்டார். மற்ற மீன்கள் மறுத்துப் பேசவில்லை. பேசினால் விழுங்கிவிடுவார் என்ற பயம்தான். தளவாய் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி பூரணம். கோரைப்புல் மறைவில் இருவருமாகக் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்திருந்தார்கள். விரால் குஞ்சுகள் சிவப்பாக இருக்கும். எங்கே போனாலும் கூட்டமாகத்தான் போகும். குங்குமச் சிமிழைத் தண்ணீரில் தட்டிவிட்டதுபோல அந்தச் சிவப்புக் கூட்டம் நீந்த, அடியில் பூரணமும் பக்கத்தில் தளவாயும் காவலுக்குப் போவார்கள். அந்தக் குஞ்சுகள் என்றால் தளவாய்க்கு உயிர். அவற்றுக்காக ஒரு கொக்கையே எதிர்த்து நின்றிருக்கிறார். அவர் வெளியே சொல்லிப் பீற்றிக்கொள்ளாத பெருமை அது ஒன்றுதான்.

விராலிடம் இன்னொரு விசேஷம் உண்டு. கெண்டையும் அயிரையும் செவுளை வைத்துத் தண்ணீரிலேயே மூச்சு எடுக்கும். விரால் அப்படியல்ல. அவ்வப்போது மேலே வந்து 'பளக்'கென்று ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். குஞ்சாக இருக்கும்போது மட்டும் அதுவும் மற்ற மீன்களைப் போலத்தான். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் காற்றைக் குடிக்கப் பழகும். தளவாய் இதையெல்லாம் யோசித்ததே இல்லை. கொட்டாவி விடுவதைப் பற்றி நாம் உட்கார்ந்து யோசிக்கிறோமா என்ன?

அவர் யோசித்ததெல்லாம் சேற்றைப் பற்றித்தான். கெண்டைகள் சேற்றைக் கிளறித்தான் இரை தேடும். அதனால் குளம் எப்போதும் கலங்கியே கிடந்தது. பாசி வேறு. நாற்றம் வேறு. ஒரு தலைவர் வாழும் குளம் இப்படியா இருப்பது என்று அவருக்கு மனத்தாங்கல்.

கெண்டைகளுக்குப் பெரியவன் சொரிமுத்து. தளவாய் அவனைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார்.

"ஏல சொரிமுத்து, இனிமே எவனும் சேத்தக் கிளறப்பிடாது. கேட்டியா?"

"கிளறாம எப்படி அண்ணாச்சி திங்கது?"

"நாசூக்காத் தின்னுங்கல."

சொரிமுத்துவுக்கு நாசூக்கு என்றால் என்னவென்று தெரியாது. சரி அண்ணாச்சி என்று போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் குளத்தின் கீழ்க்கரையில் ஒரு பட்டறை வந்தது. செம்புக் குடங்களையும் அண்டாக்களையும் திராவகத்தில் முக்கியெடுத்துப் பளபளப்பாக்கும் பட்டறை. கழுவிய தண்ணீர் ஒரு சின்ன ஓடை வழியாகக் குளத்துக்கு வந்தது. செம்பில் பிடிக்கும் களிம்பின் நீலப்பச்சை நிறம் அதற்கு.

கொஞ்ச நாளில் கோரைக்குளம் தெளிய ஆரம்பித்தது. பாசி பழுத்து, உதிர்ந்து, காணாமல் போயிற்று. கோடையிலும் கண்ணில் படாத அடிமண் பளிச்சென்று தெரிந்தது. எப்போதும் மூக்கைத் துளைக்கும் அந்தச் சேற்று நாற்றமும் இல்லை.

தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா பூரணம், நான் போட்ட உத்தரவு எப்படி வேல செய்யுதுன்னு! குளம் கண்ணாடி மாதிரி ஆயிட்டு. நாத்தமும் ஓடிப் போயிட்டு."

"உத்தரவு கெண்டைக்குத்தானே போட்டிய? பாசி எதுக்குச் செத்துச்சு?" என்று பூரணம் கேட்டாள்.

"பாசிக்கும் பயம் இருக்கும்லா."

பூரணம் குஞ்சுகளிடம் போய்விட்டாள்.

தளவாய் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. குளம் முழுக்கச் சுற்றிவந்து எல்லாரிடமும் சொன்னார். "கோரைக்குளத்துத் தண்ணி மாதிரி சுத்தமான தண்ணி இந்தச் சீமையிலயே கிடையாது. இதுக்கு நான் பொறுப்பு."

அதுவும் போதவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் மழையில் மேற்கே இருக்கும் மேலக்குளத்திலிருந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் இறங்கிவரும். மீன்கள் அந்தத் தண்ணீரை எதிர்த்து ஏறி, மேலக்குளம் போய் முட்டையிட்டுவிட்டு வரும். ஊரில் அதை ஏத்துமீன் என்பார்கள். தளவாய் அந்த வழக்கத்தையும் நிறுத்தினார்.

"மேலக்குளம் பூராச் சேறும் பாசியும். இவ்வளவு சுத்தத்த விட்டுட்டு அங்க போயி நாறப் போறியளா? கோரைக்குளத்து மீனுக்குன்னு ஒரு மானம் வேண்டாமா? இந்த வருசம் எவனும் ஏறப்பிடாது."

கெண்டைகள் எல்லாம் ஏறுவதில்லை என்று சத்தியம் செய்தன. தாங்களும் சுத்தக்காரர்கள் ஆகிவிட்டோம் என்பதில் அவற்றுக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மறுநாள் பேச்சி என்ற நத்தை தண்ணீரைவிட்டு வெளியேறிக் கரையில் ஊர்ந்துகொண்டிருந்தாள். தளவாய் தலையைத் தூக்கிக் கேட்டார். "என்ன பேச்சி, வெயில்ல எங்க கிளம்பிட்ட?"

"உடம்பு எரியுது அண்ணாச்சி. எரியாத இடம் எங்கயாச்சும் இருக்கான்னு பாக்கப் போறேன்."

"எரியுதா? எனக்கு எரியலியே."

"உங்களுக்கு ஏன் எரியலன்னு எனக்குத் தெரியாது. எனக்கு எரியுது."

"நத்தைப் புத்தி! நல்ல தண்ணி ஒத்துக்கிடல உனக்கு," என்று தளவாய் சிரித்தார். பேச்சி நிற்காமல் ஊர்ந்தாள். அவள் வேகத்துக்கு நின்று பதில் சொன்னால் போகிற இடம் போய்ச் சேர முடியாது.

அடுத்து சொரிமுத்து வந்தான். செவுள் ரெண்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, மூச்சு முட்டுது. பயலுவளுக்கும் அப்படித்தான். இரையும் கிடைக்க மாட்டங்கு. தண்ணியில மினுக்கு மினுக்குன்னு திரியுமே சின்னப் பூச்சிய, அதுல ஒண்ணக்கூடக் காணல."

"உடம்ப வளைச்சு வேல செய்யணும்ல. என்னையப் பாரு." தளவாய் விருட்டென்று மேலே போனார். பளக்கென்று ஒரு வாய் காற்றைக் குடித்தார். கீழே வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "எனக்கு ஏதாவது செய்யுதா? மூச்சு முட்டுதா? எல்லாம் மனசுல இருக்கு."

சொரிமுத்து அவரையே ஆச்சரியமாகப் பார்த்தான். அப்படி ஒரு உடம்பு தனக்கு வாய்க்கவில்லையே என்று வருத்தத்தோடு போனான்.

ஒருநாள் கரையோரக் கருவேலங்கிளையில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. தண்ணீர் தெளிந்த நாளிலிருந்து அதற்கு வேட்டைதான். கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாலும் மீன் கிடைத்தது. ஆனால் அன்று அது பாயவில்லை. சும்மாவே உட்கார்ந்திருந்தது.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "என்ன, இன்னைக்கு விரதமா?"

"உங்க குளத்து மீனு வேண்டாம்வே. தின்னா வயித்தப் புரட்டுது. ஒரு மாதிரி செம்புக் கறை ருசி. நான் வேற குளம் பாக்கப் போறேன்."

வேறு எந்த மீனாக இருந்தாலும் தப்பித்தோம் என்று கும்பிடு போட்டிருக்கும். தளவாய்க்கோ ரோஷம் வந்துவிட்டது.

"என்னவே சொல்லுதீரு? எங்க கெண்டைக்கு என்ன குறைச்சல்? சேறு ஒட்டாத கெண்ட. இந்த மாதிரி சுத்தமான மீன நீரு வேற எங்க திம்பீரு? ஒண்ணே ஒண்ணு தின்னு பாத்துட்டுச் சொல்லும்."

பக்கத்தில் நின்ற கெண்டைகள் மெல்லப் பின்வாங்கின. மீன்கொத்தி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

"தன் ஆளுகளத் தின்னச் சொல்லிச் சிபாரிசு பண்ணுத தலைவர இன்னைக்குத்தான்வே பாக்கேன்," என்று சொல்லிவிட்டுப் பறந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்துக் குஞ்சுகள் மேலே வர ஆரம்பித்தன. சிவப்புக் கூட்டம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. தளவாய் பூரித்துப்போனார்.

"பூரணம், ஓடியா! பிள்ளையெல்லாம் காத்துக் குடிக்க வந்திட்டு. இந்த வயசுல எந்த விரால் குஞ்சு காத்துக் குடிச்சிருக்கு? அப்பன உரிச்சு வச்சிருக்குவ."

பூரணம் வந்தாள். அவள் குஞ்சுகளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"அதுக குடிக்கலிங்க. குடிக்கத் தெரியாது இன்னும். கீழ மூச்சு கிடைக்காமத் தவிக்குதுவ."

"கீழ என்ன? கீழதான நானும் இருக்கேன்?"

"நீங்க இருக்கிய. ஆனா எங்க மூச்சு விடுதிய?"

தளவாய் தண்ணீரின் மேல்மட்டத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரே ஒரு தடவ மேல போகாம, பிள்ளைய கூடவே கீழ நில்லுங்க. நானும் நிக்கேன்," என்றாள் பூரணம்.

அவர் நின்றார். வழக்கமாகக் காற்றுக் குடிக்காமலே நெடுநேரம் தாக்குப்பிடிக்கிற ஆள்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு செவுளில் மிளகாயை அரைத்துத் தடவியதுபோல ஒரு எரிச்சல் கிளம்பியது. எரிச்சல் ஏற ஏற உடம்பு தானாகவே மேலே போகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மூக்குக்கு நேராக ஒரு குஞ்சு சுற்றிச் சுற்றிச் சுழன்றது. பிறகு சுழலாமல் மெல்லக் கீழே இறங்கி மண்ணில் படுத்துக்கொண்டது. அதற்குமேல் அது அசையவில்லை.

தளவாய்க்கு அப்போதுதான் விளங்கியது. இந்தக் குளத்துத் தண்ணீரில் அவர் இத்தனை நாளும் மூச்சே விடவில்லை. மேலே போய்க் காற்றைக் குடித்துவிட்டு வந்து, கீழே தண்ணீர் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தன்னை நினைத்து அவருக்கே அவமானமாக இருந்தது. அதைவிட, மண்ணில் கிடந்த அந்தச் சின்னச் சிவப்பைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

அன்று பிற்பகல் மேற்கே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கும் சத்தம் கேட்டது.

"புதுத்தண்ணி வாசம் வருதா?" என்று கேட்டாள் பூரணம்.

தளவாய் மூக்கை விடைத்துப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் அந்த வாசம் வந்தால் குளமே பித்துப் பிடித்ததுபோல ஆகிவிடும். இப்போது ஒன்றுமே இல்லை.

"வரல."

"எனக்கும் வரல."

"அப்பம் நாத்தம் போகல பூரணம். நம்ம மூக்குத்தான் போயிருக்கு." இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

வாய்க்கால் வாயில் செம்மண் கலந்த தண்ணீர் பழுப்பாகக் குளத்துக்குள் விரிந்தது. பேச்சி நத்தை அங்கே ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கலங்கல் தண்ணீர் அவள்மேல் புரண்டு போனது. அவளோ கொம்பை முழுக்க நீட்டிக்கொண்டு சுகமாக நனைந்தாள்.

"பேச்சி, எரியலியா?"

"இங்கன எரியல அண்ணாச்சி. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

தளவாய்க்கு அது போதுமாக இருந்தது. பூரணத்தைக் குஞ்சுகளோடு அந்தக் கலங்கலுக்குள் நிற்கச் சொல்லிவிட்டுக் கெண்டைகளைத் தேடிப் போனார்.

கெண்டைகள் எங்கே இருந்தன தெரியுமா? கலங்கல் தண்ணீருக்குப் பயந்து, இருப்பதிலேயே தெளிவான மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. பட்டறை ஓடை வந்து விழுகிற மூலை அது.

"ஏல, கிளம்புங்க! மேலக்குளத்துக்கு ஏறணும். இந்தத் தண்ணி நம்மளக் கொன்னுரும்."

கெண்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சொரிமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "அண்ணாச்சி நம்மளச் சோதிச்சுப் பாக்காவ. ஏற மாட்டோம் அண்ணாச்சி. சத்தியம் பண்ணியிருக்கோம்லா. நாங்க சேத்துக்குப் போக மாட்டோம்."

தளவாய் அதட்டினார். அதட்ட அதட்ட அவை இன்னும் நெருங்கி நின்றன. அவர் கற்றுக்கொடுத்த பாடத்தை அத்தனை நன்றாகப் படித்திருந்தன. மழை விட்டால் வாய்க்கால் வற்றிவிடும். அதற்குப் பிறகு ஏற வழியில்லை.

அப்போது தளவாய் ஒரு காரியம் செய்தார். அடிமண்ணில் தலையைக் குத்தி, வாலை மேலே தூக்கி, எருமையைப் போலச் சேற்றில் புரண்டார். பார்த்துப் பார்த்துத் தெளியவைத்த குளத்தை அவரே கலக்கினார். சேற்றை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் வந்து நின்றார்.

"நல்லாப் பாத்துக்கிடுங்கல. உங்க தலைவன் ஒரு முட்டாப்பய. பாசி செத்ததுக்கு நான் பேரு வாங்கிக்கிட்டேன். மூக்கு செத்துப் போனத நாத்தம் போயிட்டுன்னு கொண்டாடினேன். உங்களத் தின்னச் சொல்லி மீன்கொத்திகிட்டச் சிபாரிசு பண்ணினேன். எம் பிள்ளைய மூச்சுக்குத் தவிச்சத, அப்பன மாதிரி கெட்டிக்காரப் பிள்ளையன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுல ஒண்ணு செத்துப் போச்சு. நான் மேல போயிக் காத்தக் குடிச்சிட்டு வந்து உங்களுக்குத் தண்ணி நல்லாருக்குன்னு சொன்ன பயல. எம் பேச்ச இனியும் கேட்டியன்னா, என்னைய விடப் பெரிய முட்டாளு நீங்கதான்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பொடிக்கெண்டை களுக்கென்று சிரித்தது. மற்றவை நடுங்கின. வழக்கமாக அப்படிச் சிரிக்கிற மீன் அவர் வாய்க்குத் தப்பாது. தளவாயோ, "சிரில, சிரி. சிரிச்சுக்கிட்டே ஏறு," என்றார்.

அப்போதுதான் சொரிமுத்துவுக்கு இது சோதனை இல்லை என்று புரிந்தது. பொறுக்க முடியாமல் அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டும் மூச்சுத் திணறிக்கொண்டும் கெண்டைகள் கலங்கலைப் பார்த்துக் கிளம்பின. அந்தத் தண்ணீர் செவுளில் பட்டதும் ஒவ்வொன்றாகத் துள்ள ஆரம்பித்தன. ஏறத் தெம்பிருந்தவை ஏறின. இல்லாதவை சில வாய்க்கால் வாயோடு நின்றுவிட்டன.

குஞ்சுகள்தான் பாவம். அந்த இழுப்பில் எதிர்த்து ஏறுகிற வலு அவற்றுக்கு ஏது? ஏறுவதும் அடித்துக்கொண்டு திரும்பி வருவதுமாக இருந்தன. தளவாய் வாய்க்காலின் குறுக்கே தன் பருத்த உடம்பைப் போட்டுப் படுத்தார். வெள்ளம் அவர்மேல் மோதி இருபக்கமும் பிரிந்தது. அவர் உடம்புக்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர் அமைதியாக நின்றது. குஞ்சுகள் அந்த மறைவில் நின்று மூச்சு வாங்கின. அவர் கொஞ்சம் முன்னே நகர்ந்து மறுபடி படுப்பார். அவையும் நகரும். பூரணம் பின்னால் நின்று சிதறுவதைத் திரட்டிக்கொடுத்தாள். தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் தளவாய் தலையை மட்டும் வெளியே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டார். இத்தனை நாளும் பெருமைக்கு மட்டும் உதவிய அந்த மூச்சும் அந்த உடம்பும் அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவின.

மேலக்குளம் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சிவப்புக் கூட்டம் ஒரு கை அள்ளும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. தளவாய் அதை எண்ணவில்லை. எண்ண அவருக்குத் தைரியம் இல்லை.

மேலக்குளத்தில் பாசி இருந்தது. சேறு இருந்தது. கெண்டைகள் சேற்றைக் கிளறித் தின்றன. யாரும் நாசூக்குப் பார்க்கவில்லை. பலநாள் கழித்து ஒரு காலையில் தளவாய் திடுக்கிட்டு நின்றார்.

"பூரணம், நாறுது!"

"என்ன நாறுது?"

"சேறு நாறுது. பாசி நாறுது. அழுகின கோரப்புல்லு நாறுது. எல்லாம் சேந்து குடலப் புரட்டுது." அதைவிட நல்ல வாசத்தை அவர் வாழ்நாளில் முகர்ந்ததில்லை.

அன்றைக்கே குஞ்சுகளில் ஒன்று மேலே போய், வாயைத் திறந்து, பளக்கென்று முதல்முதலாகக் காற்றைக் குடித்துவிட்டு வந்தது. தளவாய்க்கு நாக்கு அரித்தது. அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தவர், மூடிக்கொண்டார். நேராகச் சொரிமுத்துவிடம் போனார்.

"ஏல, கீழ தண்ணி எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு அண்ணாச்சி."

"மூச்சு?"

"முட்டல அண்ணாச்சி."

"சரி. நாளைக்கும் வந்து கேப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச காலம் கழித்து மீன்கொத்தி மேலக்குளத்துக்கு வந்தது. தளவாய் இந்த முறை யாரையும் சிபாரிசு செய்யவில்லை.

"உங்க பழைய குளத்தப் பாத்தேன்வே," என்றது மீன்கொத்தி. "இப்பம் நீலமா ஜொலிக்கு. உள்ள ஒரு பூச்சி கிடையாது, புழு கிடையாது. டவுன்லருந்து ஆளுக வண்டி கட்டிக்கிட்டு வந்து போட்டோ புடிக்காவ. எவ்வளவு சுத்தமான தண்ணி பாருங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடுதாவ."

"யாராவது உள்ள இறங்கினாவளா?"

"இல்ல. கரையிலயே நின்னு பாத்துட்டுப் போயிட்டாவ."

தளவாய் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்தார். "அப்பம் அவங்களும் நம்ம ஆளுதான்வே," என்றார்.

தண்ணீர் நல்லதா என்று அதில் மூச்சு விடுகிறவனைக் கேட்க வேண்டுமே தவிர, வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவன் அதற்கு நற்சான்று கொடுக்கக் கூடாது.